நடு ஸ்பீக்கர்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. 'தும் தும்' என்ற அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்ததில், முதுகுக்குக் கீழே ஆணி அடித்ததுபோல் சவுண்டுக்காரனுக்குக் குத்திக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்து, முட்டி போட்டபடியே சுவரில் துளை போட்டான். சுண்ணாம்புத் தூள் இமையில் அப்பியது. வேறு வீடாக இருந்தால் இன்னோர் ஆளைக் கூட்டி வந்து கூலியைப் பில்லில் ஏற்றியிருப்பான். இது அக்கா வீடு.

"பாத்துடா, சுவரைப் பேத்துடாத," என்றாள் அக்கா. மகளிடம் திரும்பி, "சின்ன வயசுல வீட்டு ரேடியோவைப் பிரிச்சுப் பூட்டினான் உங்க மாமா. பூட்டி முடிச்சப்போ கையில நாலு திருகாணி மிச்சம்."

"ரேடியோ பாடுச்சா இல்லையா?" என்றான் அவன்.

"பாடுச்சு. நீ தலையில தட்டினாத்தான் பாடுச்சு."

அக்கா மகள் சிரித்தாள். இந்த ஸ்பீக்கர்கள், டிவி எல்லாம் அவள் வாங்கியவை. வேலைக்குப் போய் மிச்சம் பிடித்தது முழுக்க இதில் போயிருந்தது. படம் பார்க்க அல்ல. அப்பாவைக் கேட்க.

அவள் தவழ்ந்துகொண்டிருந்த வயதில் செத்துப்போனார் அவர். சரக்குக் கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து மேலே விழுந்தது. அந்தக் கடைசி வருடம் யாரிடமோ ஒரு பழைய வீடியோ கேமராவை வாங்கிக்கொண்டு, வேலை விட்டு வந்த கையோடு, கழுத்துத் தூசியைக்கூடக் கழுவாமல் மகளைப் படம் பிடிக்க உட்கார்ந்துவிடுவார். கேமரா எப்போதும் அவர் கையிலேயே இருந்ததால் எந்த டேப்பிலும் அவர் முகம் இல்லை. முகத்துக்கு போட்டோ இருந்தது. குரலுக்கு அந்த டேப்புகளை விட்டால் வேறு கதியில்லை.

அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தவன் சவுண்டுக்காரன்தான். அக்கா அதை வாங்கித் துணிகளுக்கு அடியில் வைத்தாள். போட்டுப் பார்க்கும் துணிச்சல் இத்தனை வருடமும் அவளுக்கு வரவில்லை. மகள் அடம்பிடித்து வெளியே எடுத்தாள்.

"மாமா, நடு ஸ்பீக்கரை இந்தத் தட்டுக்குள்ள தள்ளிடலாமா? பாக்க அழகா இருக்கும்."

"அழகுக்குப் பூச்சாடி வை. பேச்சு முழுக்க இதுலதான் வரும், காதுக்கு நேரா இருக்கணும். உள்ள தள்ளினா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்கும். சோபாவையும் சுவரோட ஒட்டிப் போடாத, கொஞ்சம் முன்னால இழு. அப்புறம், போன்ல சுருக்கிச் சுருக்கி அனுப்பின வீடியோவைப் போட்டுட்டு, சவுண்டு சரியில்லைன்னு எனக்கு போன் பண்ணாத. பெரிய ஸ்பீக்கர் ஓட்டையைத்தான் பெரிசாக் காட்டும்."

"அப்பா வீடியோ?"

"அது நான் ஏத்தினது. சுருக்கவே இல்லை," என்றான், மார்பு கொஞ்சம் நிமிர.

டிஸ்க்கைச் சொருகினார்கள். திரையில் ஒரு குழந்தை தரையில் டம்ளரை உருட்டியது. ஓரமாய் ஓடிய டம்ளர் கணீரென்று கேட்டது. பக்கத்தில் எங்கோ அக்காவின் சிரிப்பு. தன் இளவயதுச் சிரிப்பைக் கேட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை சட்டென்று நிமிர்ந்து கேமராவைப் பார்த்தது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். முகம் மலர்ந்து கை கொட்டியது. கூப்பிட்டவர் குரல் இல்லை.

"மாமா, நடு ஸ்பீக்கர் வேலை செய்யலையா?"

அவன் அதில் காதை வைத்தான். வேலை செய்தது. வயரைப் பிடுங்கிச் சொருகினான். ரிமோட்டில் இருந்த எல்லாவற்றையும் அழுத்தினான். ஹெட்போனில் கேட்டான். அடுத்த வீடியோ, அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் குழந்தை யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தது.

அப்போது அவனுக்குப் புரிந்தது.

டேப்புகளை ஏற்றிய காலத்தில் அவன் மேடைகளுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். கேமராவை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகியபோது ஓர் உறுமல் வந்தது. அக்காவுக்குக் கொடுப்பது முதல் தரமாக இருக்க வேண்டும் என்று, கேமராவின் ஹெட்போன் துளையிலிருந்து தன் மேடை மிக்ஸரின் மைக் துளைக்கு ஒரே வயரைப் போட்டான். உறுமல் நின்றது. கேமராவிலிருந்து இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என இரண்டு கம்பியில் சத்தம் வரும். அந்த மைக் துளையோ இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி வருவதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். மைக்குக்கு அதுதான் சரி. ஓரத்துச் சத்தம் இரண்டிலும் வேறுபடும், தப்பித்துக்கொள்ளும். கேமராவுக்கு நேர் பின்னால் நின்று பேசுகிறவர் குரல் இரண்டிலும் ஒன்றுபோல் விழும். அதை வழித்துத் துடைத்துவிடும். அவன் படம் ஓடுகிறதா என்று பார்த்தான், ஏதோ சத்தம் கேட்கிறதா என்று பார்த்தான், மூட்டை கட்டினான்.

"டேப்பு பழசுக்கா. பூஞ்சை பிடிச்சிருக்கும். குரல் போயிருக்கும்," என்றான். வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிப் பழகிய நாக்கு, தடுக்காமல் வந்தது.

"என் சிரிப்பு மட்டும் எப்படிடா போகாம இருக்கு?"

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். வயரைச் சொன்னான், மிக்ஸரைச் சொன்னான். அக்காவுக்கு எவ்வளவு விளங்கியதோ, நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சரி, டேப்பைக் குடு. வேற யார்கிட்டயாவது காட்டறோம்."

"இல்லக்கா. ஏத்தின கையோட கேமராவையும் சேத்துப் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டேன்."

"வெச்சுக்கவான்னு உன்னைக் கேட்டேன்."

"கேட்ட."

"எல்லாம் டிஸ்க்குல பத்திரமா இருக்கு, இந்தக் குப்பை எதுக்குன்னு சொன்ன."

"சொன்னேன்."

அக்கா மகள் திரையை நிறுத்தினாள். குழந்தை வாய் திறந்தபடி நின்றது.

"அப்பா எப்படிப் பேசுவாரு மாமா? நீங்கதான் கூடவே இருந்தீங்களே. பேசிக் காட்டுங்க."

அவன் தொண்டையைச் செருமினான். "ஏய் குட்டி... இங்க பாரு... அப்பாவைப் பாரு..." கரகரவென்று அவனுடைய குரலே வந்தது. மறுபடி கொஞ்சம் தாழ்த்திச் சொல்லிப் பார்த்தான்.

"நிறுத்துடா. அது அவர் இல்லை." அக்கா எழுந்தாள். "நான் எப்படியோ காலம் தள்ளிடுவேன், எனக்கு ஞாபகம் இருக்கு. இவளுக்கு என்னத்தைத் தரப்போற?"

அவன் துளையிடும் மெஷினைப் பையில் போட்டான். வெட்டிப்போட்ட வயர்த் துண்டுகளைப் பொறுக்கினான். குனிந்தால் இடுப்பு பிடித்தது. யாரும் பிடித்துவிட வரவில்லை. படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரை ஊன்றி ஊன்றி இறங்கினான். அக்கா மகளுக்கு அவள் அப்பாவின் குரலை அவன் தர வேண்டியிருக்கிறது. இன்னும் தரவில்லை.