லாரி நின்ற வாரத்துக் கல்யாணம்

ஆடி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, ஆவணி பிறந்த முதல் ஞாயிறே பவளம் தன் மகன் நஞ்சுண்டனுக்கு முகூர்த்தம் குறித்திருந்தாள். லிவர்மோர் கோயிலில் மண்டபம் பிடித்தாயிற்று. பெண் அதிதியின் வீட்டார் ஹூஸ்டனிலிருந்து வந்து இறங்கப் போகிறார்கள். எல்லாம் இருந்தது, தாலியும் கூறைப்புடவையும்தான் இல்லை! கோயமுத்தூரிலிருந்து அவற்றைக் கையோடு கொண்டுவர வேண்டியவன் அவள் தம்பி வேலுமணி. தாய்மாமனாவது, கோமாமனாவது, விசா கிடையாது போ என்று சென்னைக் கான்சுலேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் பார்சலில் போட்டான். பார்சல் கடல் தாண்டி சான் ஹோசே டிப்போ வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, நாடு முழுக்கப் பார்சல் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். அது தொண்ணூற்றேழாம் வருஷம்.

"கேட்ல ஐடி காட்டினா மேனேஜரே எடுத்துக் குடுக்கறாராம்மா. ரெண்டு நிமிஷ வேலை. டிரைவ் பண்ணி உள்ள போயிட்டு வந்துடலாம்" என்றான் நஞ்சுண்டன்.

வெள்ளிக்கிழமை காலை சன்னிவேலிலிருந்து இருவரும் கிளம்பினார்கள். டிப்போ வாசலில் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு மேஜையில் காப்பிப் பாத்திரம். ஒருவன் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட, மற்றவர்கள் மேனேஜரைக் கேலி செய்து பாடினார்கள். பவளம் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

கோயமுத்தூரில் அவள் அப்பா வேலை பார்த்த சிங்காநல்லூர் மில் வாசலும் அன்றைக்கு இப்படித்தான் இருந்தது. ஸ்டிரைக் தொடங்கிய புதிதில் அது ஒரு திருவிழா! லைன் வீடுகளில் ஆளுக்கொரு படி கம்பு போட்டுக் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் என்றும் பாராமல் பவளம் இடுப்பில் மோர்க்குண்டாவோடு ஓடுவாள். வேப்பமரத்தடியில் தப்பட்டை அடித்து மானேஜரின் தொந்தியைப் பற்றிப் பாட்டுக் கட்டுவார்கள். அவள் அப்பாதான் முதல் குரல். வயிறு காய்ந்தது உண்மை. ஆனாலும் அப்படி வாய்விட்டுச் சிரித்த காலம் பிறகு அவளுக்கு வாய்க்கவேயில்லை.

கார் வரிசையை நெருங்கியது.

"நிறுத்துடா வண்டிய!" என்றாள்.

"என்னம்மா, நடுரோட்டுல?"

"நிறுத்துங்கறேனில்ல."

இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். மடக்கு நாற்காலியில் மிகவும் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஃப்ராங்க். என்றைக்கோ ஓய்வு பெற்ற லாரிக்காரர். தினமும் வந்து துணைக்கு உட்காருகிறவராம். பட்டுப்புடவையும் ஸ்னீக்கருமாக வந்து நின்றவளுக்கு அவரே எழுந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். வந்த விஷயத்தை நஞ்சுண்டன் சொன்னான். பேசிப்பேசி அவர் தன் வாலிபத்துக்கே போய்விட்டார். நஞ்சுண்டன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னான்.

"முப்பத்துநாலுல சான் ஃபிரான்சிஸ்கோவுல லாரி ஓட்டினாராம்மா. ஹார்பர் ஆளுங்களுக்காக இவங்களும் லாரிய நிறுத்திட்டாங்களாம். போலீஸ் சுட்டதுல ரெண்டு பேர் போயிட்டாங்களாம். அவங்க சவ ஊர்வலத்துல ஆயிரக்கணக்கான பேர், காலடிச் சத்தம் தவிர ஒரு சத்தமில்லையாம். அப்புறம் ஊரே நின்னுடுச்சாம். பாலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் இவங்களே பர்மிஷன் குடுத்து லாரிய விட்டாங்களாம். பசி தாங்கலையாம், ஆனா அந்த மாதிரி சந்தோஷம் மறுபடி வரலையாம்."

பவளம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். யாரோ தன் ஊர்க்காரர் பேசுவதுபோல் இருந்தது.

"கல்யாணம்னா பால் மாதிரிதானாம். நீங்க போய் எடுத்துக்கங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு சொல்றார்மா. வா, போலாம்!"

அவள் அசையவில்லை. "அன்னைக்கு யாராச்சும் மீறிப் போனாங்களான்னு கேளு."

ஃப்ராங்கின் முகம் சுருங்கியது. நஞ்சுண்டன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவங்கண்ணனே லாரிய ஓட்டிட்டுப் போனாராம். அண்ணன் சாகற வரைக்கும் அவரோட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடலையாம்."

"எங்கப்பனும் மீறிப் போனவர்தான்னு சொல்லு."

"தாத்தாவா? என்னம்மா உளர்றே?"

"சொல்லுடா! எனக்குக் கூறை எடுக்க வழியில்லாம மில்லுக்குள்ள போனாரு. கருங்காலி வீட்டுக் கல்யாணம்னு லைன்ல ஒரு குஞ்சுகூட எட்டிப் பாக்கல. மேளக்காரன் வரல. ஆக்கின சோறு அண்டா அண்டாவாக் கெடந்துச்சு. எங்கப்பன் ஒத்தை ஆளாப் பந்தியில குந்தி, அழுதுகிட்டே தின்னாரு. இத்தனை வருசமா நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

நஞ்சுண்டனின் இங்கிலீஷ் தடுமாறியது. கருங்காலிக்கு என்ன சொல்வது என்று விழித்தான். "ஸ்கேப்" என்று ஃப்ராங்கே எடுத்துக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

பவளம் கைப்பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "பார்சல் இங்கயே கெடக்கட்டும். அவரு பர்மிஷன் குடுத்தாலும் எனக்கு வேண்டாம். ஒரு கருங்காலியோட பேரன் கல்யாணத்துல கை நனைப்பாரான்னு மட்டும் கேளு."

ஃப்ராங்க் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்து நஞ்சுண்டன் அதிதியின் கழுத்தில் கட்டினான். கூறைக்குப் பதில் இருந்ததில் நல்ல பட்டு. "அந்தக் காலத்துல எல்லாருக்கும் இதுதானே தாலி, நல்லாத்தான் இருக்கு" என்று ஹூஸ்டன் சம்பந்தி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் கெட்டிமேளத்தைக் கேட்க, பவளம் வாசலையே பார்த்தாள். முதல் பந்தி முடிந்தது. அவர் வரவில்லை. அவள் அப்பாவைக் கடைசிவரை யாரும் மன்னிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பந்திக்கு இலை போடும்போது வாசலில் சலசலப்பு. இஸ்திரி போட்ட சட்டையோடு சில லாரிக்காரர்கள் நின்றார்கள். நடுவில் ஃப்ராங்க், கழுத்தை நெரிக்கும் டையோடு.

பவளம் ஓடிப்போய் உட்கார வைத்தாள். சோறும் பருப்பும் நெய்யும் அவளே போட்டாள். பழக்கமில்லாத விரல்களால் பிசைந்து பாதியைச் சிந்தி பாதியைத் தின்றார் ஃப்ராங்க். நாலு வாய் போனதும் நிமிர்ந்து ஏதோ சொன்னார்.

"எங்கண்ணனையும் ஒரு தடவை சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம்ங்கறார்மா" என்றான் நஞ்சுண்டன்.

மாப்பிள்ளை வீட்டு அம்மாள் என்பதையெல்லாம் மறந்து பவளம் அந்தப் பந்தியின் நடுவில் ஓவென்று அழுதாள். ஃப்ராங்க் இடது கையால் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவள் சாதக்கரண்டியை மகன் கையில் திணித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்றா பாத்துக்கிட்டு நிக்கறே? எலையப் போடு. பசிக்குது" என்றாள்.