நீண்டுபோன உள்ரோடு

கம்பத்திலிருந்து சின்னமனூருக்கு உள்ரோட்டில் சுற்றிப் போனால் முப்பத்திரண்டு கிலோமீட்டர். ஈஸ்வரபாண்டி தன் மகள் தேவயானியை ஜெர்மனிக்கு அனுப்பிவைக்க ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது, அதே ரோடு அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடியும் முடியவில்லை. மற்றவர்களுக்கு அது முப்பத்திரண்டாகத்தான் இருந்தது. பள்ளிக்கூட வேன் நேரத்துக்குப் போனது, நேரத்துக்கு வந்தது. பால்காரர் சின்னக்கருப்பு மொபெட்டில் காலையும் மாலையும் வழக்கம்போலப் போய்வந்தார். இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் நீண்டது. நம்பாதவர்கள் சின்னக்கருப்பையே கேட்டுக்கொள்ளலாம். நடுரோட்டில் நின்றவர்களுக்கு இரண்டு தடவை கேனில் டீசல் வாங்கிவந்து கொடுத்தவர் அவர்தான்.

ஈஸ்வரபாண்டி இருபத்தேழு வருஷமாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவர். விடிவதற்குள் பெண்களை அடைத்துக்கொண்டு கம்பமெட்டு ஏறுவார், பொழுது சாயும்போது இறக்கிக் கொண்டுவந்து விடுவார். ஞாயிற்றுக்கிழமை தோட்டம் கிடையாது. அன்றைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, பெண்டாட்டி மகாலட்சுமியையும் மகளையும் உட்காரவைத்துக்கொண்டு உள்ரோட்டில் இறங்குவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "சும்மாதேன்" என்பார். டீசல் விற்கிற விலைக்குச் சும்மா ஊர் சுற்ற ஒருத்தன் கிளம்புவானா என்று தெருவில் பேசாதவர்கள் இல்லை. பேசட்டுமே! சுருளிப்பட்டியில் நல்லகண்ணு தோட்டத்துப் பந்தலடியில் நின்று பன்னீர்த் திராட்சை தின்பார்கள். ராயப்பன்பட்டியில் மாதா கோயிலுக்கு எதிரே இருதயம்மாள் கடையில் பணியாரம் சாப்பிடுவார்கள். ஆனைமலையன்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் மகாலட்சுமி சேலைத் தலைப்பை விரித்துப் படுத்து ஒரு தூக்கம் போடுவாள். சின்னமனூர் வரைக்கும் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு, போன வழியே திரும்புவார்கள். இருபது வருஷத்துக்கு இதுதான் அவர்களுக்குத் திருவிழா, தேர், கொடைக்கானல் எல்லாமே.

தேவயானி நர்ஸுக்குப் படித்தாள். அப்புறம் ஒரு வருஷம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெர்மன் பாஷை படித்தாள். எருமை இருமுகிற மாதிரி இருக்கிறதே என்று அப்பன்காரன் கேலி பண்ணுவார். பாஷையும் வந்தது, வேலையும் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மதுரையில் விமானம் ஏறி, மும்பை போய் மாற வேண்டும். திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரியில் நிற்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று தாளில் தெளிவாக எழுதியிருந்தது. மூன்று மணி நேரப் பயணத்துக்கு ஈஸ்வரபாண்டி புதன்கிழமை காலையிலேயே வண்டியை எடுத்தார். "ரெண்டு நா இருக்குல்ல ஆத்தா, லேசா உள்ரோட்டுல போவோம். ராவைக்கு மதுரைல சித்தி வீட்ல தங்கிக்கிருவோம்" என்றார். மகளும் சரியென்றாள். தேவயானியா வேண்டாமென்பாள்?

மகாலட்சுமி கூட வரவில்லை. மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பினால் காரியம் உருப்படாது என்றாள். அப்படிக் கிளம்ப நேர்ந்தால் நாலாவதாக ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போவது அந்தப் பக்கத்து வழக்கம். கல்லுக்கா பஞ்சம், வாசலிலேயே ஜல்லி குவிந்து கிடந்தது. "கல்லு வேணாம், நான் வரல, போயிட்டு வாங்க" என்று மகள் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசலுக்கு மேல் ஒரு அடி அவளால் எடுத்துவைக்க முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும். அதனால் யாரும் வற்புறுத்தவில்லை.

சுருளிப்பட்டியில் நல்லகண்ணு ஒரு கூடைத் திராட்சையைப் பின் சீட்டில் வைத்தார். ஜெர்மனிக்குக் கொண்டுபோக முடியாது மாமா என்று தேவயானி சொன்னதற்கு, போகிற வரைக்கும் தின்னு தாயி என்றார். அங்கிருந்து கிளம்பி அரை மணி நேரம் ஓடியும் ராயப்பன்பட்டி வரவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. இடது பக்கம் பந்தல், வலது பக்கம் மலை, நடுவில் ரோடு. சின்னமனூர் 22 என்று எழுதிய கல் ஒன்று வந்தது. இருபது நிமிஷம் கழித்துச் சின்னமனூர் 22 என்று இன்னொரு கல் வந்தது. மொபெட்டில் எதிரே வந்த சின்னக்கருப்பு கையைத் தூக்கிக் கும்பிட்டுப் போனார், பாலை ஊற்றிவிட்டு அதே வழியில் திரும்பிவந்து, "என்ன டிரைவரே, இன்னும் இங்கனயேதேன் இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு முந்திக்கொண்டு போனார். ஈஸ்வரபாண்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வண்டிக்குத் தண்ணி காட்டணும் என்று ஓரங்கட்டி, நிரம்பியிருந்த ரேடியேட்டரைத் திறந்து பார்த்து மூடினார்.

இருட்டுகிற நேரத்தில்தான் இருதயம்மாள் கடை வந்தது. அன்றைக்கு ராத்திரி அந்தம்மா வீட்டிலேயே தங்கினார்கள். மறுநாள் விடியக் கிளம்பி நாள் பூராவும் ஓட்டினார்கள், ஆனைமலையன்பட்டி புளியமரம்தான் வந்தது. மகாலட்சுமி போனில் கேட்டாள், "எங்க இருக்கீக?" "புளியமரத்துக்கிட்ட." "நேத்து?" "ராயப்பன்பட்டி." அவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன. "உங்க மனச நீட்டுனா ரோடு ஏன் நீளாது? பிள்ளைய விடப் போறீகளா, இல்ல வச்சுக்கிருவீகளா? ஒண்ணச் செய்யுங்க!" என்றாள். ஊரும் அதையேதான் சொன்னது. சேதி அதற்குள் மொபெட்டில் ஏறி எல்லா ஊருக்கும் போயிருந்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு, அப்பன்தான் போக மனசில்லாமல் ரோட்டை இழுக்கிறான் என்று டீக்கடைகளில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

ஈஸ்வரபாண்டியும் அப்படித்தான் நினைத்தார். தன் நெஞ்சில் இருப்பது அவருக்குத் தெரியாதா? ஐந்து வயதில் நாக்கு நீலமாகிற மட்டும் திராட்சை தின்றவள், எட்டு வயதில் பணியாரம் சுட்டுவிட்டது என்று இருதயம்மாளோடு சண்டைக்குப் போனவள், பதினேழு வயதில் இதே ஜீப்பை இதே புளியமரத்தில் மோதிவிட்டு "மரந்தாம்ப்பா குறுக்க வந்துச்சு" என்றவள். அவளை எப்படி அனுப்புவது? வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சின்னமனூர் 11 என்ற கல்லின் முன்னால் வண்டியை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. "ஆத்தா, என்னால ஆகல. நான் ஓட்டுனா இந்த ரோடு முடியாது. நீ ஓட்டு. உனக்குப் போகணும்ல, உனக்குச் சுருங்கிரும்" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

தேவயானி முடியை அள்ளி முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். அப்பனைவிட வேகமாகத்தான் ஓட்டினாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு கல் வந்தது. சின்னமனூர் 14. இன்னும் முக்கால் மணி நேரம் கழித்து அடுத்தது வந்தது. சின்னமனூர் 19. திராட்சைக் கூடை காலியாகி இரண்டு நாளாகியிருந்தது, அது மறுபடி நிரம்பியிருந்ததை ஈஸ்வரபாண்டி பார்த்தார். இருபத்து மூன்று என்று எழுதிய கல்லைப் பார்த்ததும் அவள் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதாள்.

"நீங்க இல்லப்பா. நாந்தேன். மூணு நாளா நாந்தேன் இழுத்துக்கிட்டு இருக்கேன்."

இதை ஈஸ்வரபாண்டி எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. அதை மறைத்துச் சொல்லக்கூடாது, சந்தோஷம்தான் முதலில் வந்தது. "அப்பறம் என்னத்தா! திருப்பிருவோம். இங்க இல்லாத ஆஸ்பத்திரியா? தேனியில நூறு ஆஸ்பத்திரி இருக்கு" என்றார். திருப்பினால் கம்பம் பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. தூரத்தில் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. தேவயானி தாவணி வயதுப் பிள்ளைபோல முன்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் தொட்டியையே பார்த்தாள்.

"போகணும்ப்பா. ஒரு வருசமாத் தூங்காமப் படிச்சது பொய்யில்ல. ஆனா போக மாட்டேங்குது. ரெண்டும் நிசந்தேன்."

மணி எட்டே முக்கால். ஈஸ்வரபாண்டி இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறி அழுதுகொண்டே வருகிற பெண்களை அவர் இருபத்தேழு வருஷம் மலைக்கு ஏற்றியிருக்கிறார். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு. நிறுத்தினால் அன்றைக்குக் கூலி போகும் என்று தெரிந்து நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். அந்தக் கொடுமையைத் தன் பிள்ளைக்கும் தானேதான் செய்ய வேண்டியிருக்கிறது என்று அவருக்கு விளங்கியது. ஆனால் எந்த ரோட்டில் செய்வது? இந்த ரோட்டில் அடிக்கு அடி எதையாவது தின்றிருக்கிறார்கள், எதற்காவது சிரித்திருக்கிறார்கள். யோசித்து யோசித்து, அவர் காறித் துப்பாமல் பேர் சொல்லாத பைபாஸ் ரோடு ஞாபகம் வந்தது. உத்தமபாளையத்துக்கு வெளியே வயலைக் கீறிப் போட்டது. ஒரு மரமில்லை, ஒரு டீக்கடை இல்லை. போட்ட நாளிலிருந்து அவர் அதில் டயரை வைத்ததில்லை.

"தள்ளி உக்காரு" என்றார். "பைபாஸ்ல போவோம். அதுல நமக்கு ஒண்ணுமே கிடையாது."

புதிதாகப் போட்ட ஒரு இணைப்பு ரோட்டில் இறங்கி ஒன்பது மணிக்குப் பைபாஸ் ஏறினார். அது நீளவில்லை. நீளுவதற்கு அதில் என்ன இருக்கிறது? தேனியை வெளியிலேயே சுற்றிக்கொண்டு, பெரியகுளத்தையும் வடுகபட்டியையும் திரும்பிப் பார்க்காமல், உசிலம்பட்டி வழியை விட்டுவிட்டு, கூடுதல் தூரமென்றாலும் பரவாயில்லை என்று வத்தலக்குண்டு, கொடைரோடு வழியாக நாலுவழிச் சாலையைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அந்த இடம் அவர்களுடையதாகிவிடும், அப்புறம் அதுவும் நீளும். தேவயானிக்குப் பசித்தது, சொல்லவில்லை. இருபது கிலோமீட்டருக்கு ஒரு தரம் தண்ணீர் கேட்கிற ஜீப் அன்றைக்குக் கேட்கவே இல்லை. ஒன்றரை மணிக்கு விமான நிலையத்து வாசலில் நின்றார்கள். வண்டியை நிறுத்தக்கூடாது, எடு எடு என்று ஒரு காவலர் விசில் ஊதினார். பெட்டியை இறக்கினார், தலையைத் தொட்டார். "போயிட்டு வாத்தா" என்பதற்குள் இரண்டாவது விசில். அவள் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டாள்.

திரும்புகிறபோது பழைய வழியில் போகலாம், ஆண்டிபட்டியில் ஒரு டீ குடிக்கலாம், வீடு போய்ச் சேர ராத்திரியானால் ஆகட்டும் என்று நினைத்துத்தான் உசிலம்பட்டி ரோட்டைப் பிடித்தார். ஆனால் ரோடு இல்லை. உசிலம்பட்டி ஒரு கடைப் பலகையாக வந்து போனது. ஆண்டிபட்டிக் கணவாய் ஒரே ஒரு வளைவாக இருந்தது. டீக்கடையைக் கண்டு பிரேக்கில் காலை வைத்தார், வண்டி நின்ற இடம் கம்பத்தில் அவர் வீட்டு வாசல். மொத்தம் இருபது நிமிஷம். தேவயானி அப்போதுதான் போன் பண்ணினாள், பெட்டியை எடை போட வரிசையில் நிற்கிறாளாம். எங்கப்பா இருக்கீக என்று கேட்டாள். வீட்டுக்கு வந்துட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வந்துக்கிட்டு இருக்கேன்" என்று பொய் சொன்னார்.

உள்ளே மகாலட்சுமி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். இத்தனை சீக்கிரம் எப்படி வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "தேவி ரூம்ல ஜன்னலச் சாத்துவமேன்னு காலைல கிளம்புனேன். பாதி தூரங்கூடப் போக முடியல. தண்ணி எடுத்துக்கிருவோம்னு திரும்பிட்டேன்" என்றாள். ஈஸ்வரபாண்டி எட்டிப் பார்த்தார். முன்னறையிலிருந்து மகள் அறை ஒன்பது எட்டு நடைதான். இப்போது அந்தக் கதவு அங்கே, அந்தக் கடைசியில், கொட்டைப்பாக்கு அளவில் தெரிந்தது. சட்டையைக் கழற்றாமலே செம்பை வாங்கிக்கொண்டு, "வா, நானும் வாரேன்" என்று நடந்தார். ஜன்னலைச் சாத்திவிட்டு வரும்போது பொழுது அடைந்துவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வீட்டு வரிக்கு அளக்க வந்தவர்கள் அந்த அறை வரைக்கும் டேப்பைப் பிடித்துப் பதினெட்டு அடி என்று எழுதிக்கொண்டு போனார்கள், இவர்களும் மறுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுப்பதில்லை. காலையில் பலகாரம் முடித்து இரண்டு பேரும் அந்த அறைக்குக் கிளம்புகிறார்கள். பாதி வழியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறது. அங்கே உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்து, ஆளுக்கு இரண்டு பணியாரம் தின்று, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மீதி தூரம் நடக்கிறார்கள். போய்த் தூசி தட்டி, தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு வருகிறார்கள். போன வாரம் ஈஸ்வரபாண்டிக்குக் காய்ச்சல், மகாலட்சுமி மட்டும் தனியாகப் போயிருந்தாள். தேவயானி வீடியோவில் கூப்பிட்டு, அம்மா எங்கே என்று கேட்டாள்.

"உன் ரூமுக்குப் போயிருக்கா. சாயங்காலத்துக்குள்ள வந்துருவா."

"சரிப்பா, நான் பொறவு கூப்புடுறேன்" என்றாள் தேவயானி. "மெதுவா நடக்கச் சொல்லுங்க, அம்மாவுக்கு முட்டி வலிக்கும்."