எழுதாமல் விட்ட இறக்கங்கள்

சக்கரக்கால் விமானத்தின் உடம்போடு சேரும் இடத்தில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு நின்றது. மறுபடி துடைத்தேன், போகவில்லை. விரிசல்தான்.

கப்பல் தளத்தில் போர்விமானம் இறங்குவது பாதி விழுவது. இத்தனை முறை தளத்தில் அடிபட்டால் அதற்கு மேல் அதன் உடம்பு தாங்காது என்று கணக்கு உண்டு. அதை எண்ணி எழுதுவது என் வேலை. என் புத்தகப்படி இந்த விமானத்துக்கு இன்னும் இருநூறு இறக்கம் மிச்சம்.

புத்தகம் பொய், எழுதியவன் நான். விமானத்தைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் வால் கொக்கி மாட்டாவிட்டால் விமானி தளத்தில் அடித்த வேகத்திலேயே மேலே ஏறிவிடுவார். அந்த அடியையும் எழுத வேண்டும். எழுதினால் மற்ற விமானிகள் வாரக்கணக்கில் கிண்டலடிப்பார்கள். என் தங்கை புருஷனும் விமானி. "மச்சான், கொக்கிதான் மாட்டலயே. விட்டுடுங்க" என்பார். வீட்டு மாப்பிள்ளை கேட்டு மறுக்க முடியுமா? விட்டேன். பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். கிள்ளுக்கீரையாகிப் போனேன்.

விரிசலைச் சொன்னதும் அதிகாரி பதினான்கு விமானங்களையும் நிறுத்தினார். "கணக்குக்கு முன்னாலயே விரிசல்னா எதை நம்புறது? உதிரிப்பாகமும் இப்ப யாரும் செய்யறதில்ல. ஓய்வு கொடுத்துட வேண்டியதுதான்."

புதிய விமானத்துக்கு நாற்பது வயதுக்குள் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு. இந்தப் பழைய விமானங்கள் போனால் அவர் பறப்பதும் போச்சு. நடந்ததை அதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன்.

அவர் திட்டக்கூட இல்லை. "எதுல எத்தனை விட்டீங்க? அது தெரிஞ்சா நல்ல விமானங்களையாவது இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்."

எனக்குத் தெரியவில்லை. எழுதாததை எங்கே போய்ப் பார்ப்பது?

நான் சொன்னதைக் கேட்டு மாப்பிள்ளை நேரே விமானிகள் அறைக்குப் போனார். தான் கம்பியைத் தவறவிட்டது முப்பத்தாறு தடவை என்று எல்லார் முன்னாலும் சொல்லி, அவரவர் எண்ணிக்கையைக் கேட்டாராம். நான் கொட்டகையில் புத்தகத்தை விரித்து வைத்துக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாருக்குமே ஒரு தடவகூட தவறலயாம், மச்சான்" என்றார்.