பாரெண்ட் பார்த்துக்கொண்ட செடி

பாரெண்ட் க்ளூட்டேவிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் எப்படியோ செய்துவிடுவார். சும்மா இருக்கச் சொன்னால்தான் ஆபத்து. செம்புச் சுரங்கத்தை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து ரூய்க்ளிப் ஊரில் அவர் ரிப்பேர் பார்க்காத பொருள் கிடையாது. அதில் பாதி, அவர் கை வைக்கும்வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. தேவாலய மணியைக்கூட ஒருமுறை எண்ணெய் போட்டுச் சரி செய்தார். அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசலில் நின்று கைதட்டித்தான் ஜனங்களை உள்ளே கூப்பிட வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் அவர் மனைவி மக்ரீத்தா தன் செடியை விட்டுவிட்டுப் போனாள். வேறு வழியில்லை. போர்ட் நொலோத்தில் மகளுக்குப் பேறுகாலம். திரும்பி வர ஆறு வாரமாவது ஆகும்.

செடி என்று பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பழைய ஜாம் டப்பா. அதில் வெங்காயம் போல ஒரு கிழங்கு, பாதி மண்ணுக்குள்ளே, பாதி வெளியே. கோடை முழுக்கச் செத்ததுபோலக் கட்டிலுக்கடியில் கிடக்கும். முதல் மழை விழுந்து குளிர் தொடங்கினால்தான் அதற்கு உயிர் வரும். அப்புறம் விடும் இலை ஒவ்வொன்றும் நுனியிலிருந்து கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொள்ளும். அதனால் ஊரில் அதற்குப் பெயரே சுருட்டை.

ஆகஸ்ட் கடைசியில், அந்தத் தெற்கு நாட்டில் குளிர்காலம் முடிகிற சமயம், தேவாலயக் கூடத்தில் கிழங்குச் செடிக் கண்காட்சி நடக்கும். நான்கு வருடமாக முதல் பரிசு மக்ரீத்தாவின் சுருட்டைக்குத்தான். ஐந்தாவது வருடமும் விடாமல் ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை அந்த வீட்டுக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டாம். இது ஐந்தாவது வருடம்.

"கிழவா, இங்க பாரு," என்றாள் மக்ரீத்தா, டாக்சியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. "டப்பா வடக்குச் சுவர் மேல இருக்கு. வெயில் அடிக்கட்டும், காத்து அடிக்கட்டும், பனி விழட்டும். பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு டம்ளர் தண்ணி. அவ்வளவுதான்."

"அது போக நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"அது சரி. அது போக?"

மக்ரீத்தா வானத்தைப் பார்த்தாள். டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

பாரெண்டுக்குக் கோப்பை ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது வேறு. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் மக்ரீத்தா அவர் செய்த எந்தக் காரியத்தையும் பார்த்து, பரவாயில்லையே, நல்லா செஞ்சிருக்கியே என்று சொன்னதில்லை. சொல்லும்படி அவர் எதையும் செய்ததுமில்லை. அது வேறு விஷயம். இந்த ஆறு வாரம் செடியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டு, அவள் திரும்பி வரும்போது அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பாவம், ஆசையில் தப்பில்லை.

நான்கு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் மலையிலிருந்து இறங்கிய குளிரில் வாசல் தொட்டித் தண்ணீர் உறைந்து போயிருந்தது. பாரெண்ட் காலையில் கதவைத் திறந்து பார்த்தார். இலைமேல் வெள்ளை வெள்ளையாகப் பனி. செடி குளிரில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்பதாகவே அவருக்குத் தோன்றியது.

"அடப்பாவமே," என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

அதோடு ஆரம்பித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டார். டப்பாவை வெறும் மரத்தில் வைக்க மனம் வராமல் கீழே ஒரு துண்டு. சாயந்திரமானால் மக்ரீத்தாவின் கம்பளிப் போர்வையை நான்காக மடித்து டப்பாவைச் சுற்றிப் போர்த்தினார். பத்து நாளைக்கு ஒரு டம்ளர் என்பதெல்லாம் கஞ்சத்தனம் என்று முடிவு செய்து தினமும் ஊற்றினார். அதுவும் பச்சைத் தண்ணீர் இல்லை, ஆறவைத்த ரூய்போஸ் மூலிகைத் தேநீர். சர்க்கரை மட்டும் போடவில்லை. கிழங்குக்குச் சர்க்கரை ஆகுமா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பேசவும் ஆரம்பித்தார். வீட்டில் பேச ஆளில்லையே. "இன்னிக்கு மீன் வாங்கினேன், கருகிப் போச்சு," என்பார். "பரவாயில்ல, நீ சாப்பிட வேண்டியதில்ல," என்பார். செடி எதிர்த்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அது அவருக்குப் புது அனுபவம்.

வாரம் ஒருமுறை மக்ரீத்தா போன் செய்தாள். பின்னால் குழந்தை வீறிட்டுக் கத்தும்.

"செடி எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு."

"நீ ஒண்ணும் செய்யலையே?"

"ஒண்ணுமே செய்யல," என்றார் பாரெண்ட், போர்வையின் ஓரத்தை இழுத்துச் செருகிக்கொண்டே.

அடுத்த வீட்டு தீனா பியூக்கஸ் இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடமாக இரண்டாம் பரிசு வாங்கியவள் அவள்தான். அவள் வளர்ப்பதும் சுருட்டைதான். அவளுடைய டப்பா சுவர்மேல் வெயிலிலும் பனியிலும் அநாதையாகக் கிடந்தது. ஒருநாள் கொஞ்சம் பால் கடன் கேட்கிற சாக்கில் உள்ளே வந்தாள். போர்வையைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள்.

"பாரெண்ட் அண்ணே," என்றாள், "பெத்த புள்ளையக்கூட யாரும் இப்படிப் பாத்துக்க மாட்டாங்க. அப்படியே தொடருங்க."

பாரெண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அரை லிட்டர் பால் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தார்.

இலைகள் வளர்ந்தன. அப்படி வளர்ந்தன. அவர் டேப் வைத்து அளந்து காலண்டரில் குறித்து வைத்தார். மக்ரீத்தா கையில் ஒரு சாண் தாண்டாத செடி அவர் கையில் ஒன்றரை முழம் வந்துவிட்டது. வளர்ச்சியைப் பார்த்த சந்தோஷத்தில் இன்னொன்றை அவர் கவனிக்கவில்லை. அதைக் கவனித்தவர் யோசியாஸ். சுரங்கத்தில் பாரெண்டோடு இருபது வருடம் லாரி ஓட்டியவர். கண்காட்சிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை காபி குடிக்க வந்தார்.

"என்னடா இது, அடுப்புப் பக்கத்துல வெங்காயத்தாள் வளக்கிற?"

"வாயைக் கழுவு. இது மக்ரீத்தாவோட சுருட்டை."

"சுருட்டையா? எங்கடா சுருட்டை?"

பாரெண்ட் திரும்பிப் பார்த்தார். ஆறு வாரத்தில் முதல்முறையாக உண்மையிலேயே பார்த்தார். ஒரு இலையில்கூடச் சுருள் இல்லை. எல்லாம் தொளதொளவென்று நீண்டு முக்காலியின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"அது குளிர்லயும் வெயில்லயும் கிடந்தாத்தான்டா சுருளும்," என்றார் யோசியாஸ். "இது எங்க வீட்டு ஆட்டுக்குக்கூடத் தெரியும். நீ அதை மெத்தையில படுக்க வெச்சிருக்க."

பாரெண்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். நாளைக் காலை பத்து மணிக்குக் கண்காட்சி. பதினொரு மணி பஸ்ஸில் மக்ரீத்தா நேரே கூடத்துக்கு வருகிறாள்.

"மலைல போய் வேற ஒண்ணு தோண்டிட்டு வரலாமா?"

"போ. செடித் திருடனுங்களப் பிடிக்க அங்க போலீஸ் ஜீப் நிக்குது. பேப்பர்ல உன் படம் வரும். மக்ரீத்தா அதையும் வெட்டி ஃப்ரேம் போட்டு மாட்டுவா."

தோண்டினாலும் பலனில்லை. அந்தக் கிழங்கின் தோளில் ஆடு கடித்த தழும்பு இருப்பது ஊருக்கே தெரியும். வெயிலில் வைத்தால் ஒரே நாளில் சுருண்டுவிடுமா? சுருளாது. பாரெண்ட் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்போது அவர் பார்வை முன்னறைக் கதவின் மேல் விழுந்தது. மக்ரீத்தா ஊர்ப் பெண்களுக்கு முடி சுருட்டி விடுகிற அறை அது. ஒரு பொருளைச் சரி செய்ய முடியும் என்று தோன்றிவிட்டால் பாரெண்டைக் கடவுளாலும் தடுக்க முடியாது.

"யோசியாஸ்," என்றார் மெதுவாக, "நீ இலையப் பிடி."

இருப்பதிலேயே சின்ன ரோஸ் நிற முடிச்சுருட்டிகளை எடுத்தார்கள். பாரெண்ட் சுருட்ட, யோசியாஸ் கிளிப் மாட்டினார். பதினேழு இலை, பதினேழு சுருட்டி. இரண்டு இலை ஒடிந்துபோய்ப் பிசுபிசுவென்று சாறு வழிந்தது. ஒடிந்த இலைகளை யோசியாஸ் சட்டைப்பையில் போட்டு மறைத்தார். சுருள் நிற்க வேண்டுமென்று மக்ரீத்தாவின் ரோஜா மணமுள்ள முடித் திரவத்தைப் பீய்ச்சினார்கள். மேலே ஒரு முடிவலை. பிறகு டப்பாவை நாற்காலியில் வைத்து, கீழே மூன்று தலையணை கொடுத்து உயர்த்தி, முடி உலர்த்துகிற பெரிய தொப்பியை அதன்மேல் இறக்கி ஸ்விட்சைப் போட்டார்கள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு லெனா அத்தை தலையில் ஈரத்துண்டோடு உள்ளே வந்துவிட்டாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது.

"மக்ரீத்தா வந்துட்டாளா? எனக்கு முன்னாடி யாரோ இருக்காங்க போல?"

"ஆமா அத்தை. வெளியூர்," என்றார் பாரெண்ட்.

லெனா அத்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முடிவலையைக் குனிந்து பார்த்து, மரியாதையாக வணக்கம் சொன்னாள். பதில் வரவில்லை.

"வெளியூர்க்காரங்களுக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி," என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுருட்டிகளை உருவியபோது பதினைந்து இலையும் அப்படிச் சுருண்டு நின்றன. நான்கு வருடத்தில் மக்ரீத்தாவுக்கே அப்படி வந்ததில்லை. பாரெண்டும் யோசியாஸும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் கூடம் நிரம்பியிருந்தது. பரிசு கொடுக்க நகரத்திலிருந்து எராஸ்மஸ் மேடம் வந்திருந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி, முகத்தில் சிரிப்பே இல்லை. மேசை மேசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தவர் மக்ரீத்தாவின் டப்பா முன்னால் நின்றுவிட்டார்.

"அடேயப்பா," என்றார். பாரெண்டின் நெஞ்சு விரிந்தது.

மேடம் இன்னும் குனிந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"இந்தச் செடியில பூ இல்லையே. ரோஜா வாசனை எங்கிருந்து வருது?"

மேடம் ஒரு விரலால் ஓரத்து இலையைத் தொட்டார். அந்த இலை மெல்லச் சுருள் பிரிந்து, நீண்டு, மேசை விரிப்பின் மேல் படுத்துக்கொண்டது. அடுத்தது பக்கத்து இலை. அதைப் பார்த்து அதற்கடுத்தது. பதினைந்து இலையும் ஒவ்வொன்றாக அவிழ்ந்து விழுவதைக் கூடம் முழுக்க மூச்சுவிடாமல் பார்த்தது. கடைசி இலை விழுந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லெனா அத்தை, "நேத்து வந்த வெளியூர்க்காரி!" என்று கத்தினாள்.

"இது யாரோடது?" என்றார் மேடம்.

"என்னோடது," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கையில் பெட்டியோடு மக்ரீத்தா நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டம் வழிவிட்டது. அவள் நடந்து வந்து டப்பாவைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நான் உன்னை என்ன செய்யச் சொன்னேன்?"

"ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு."

"நீ என்ன செஞ்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். யோசியாஸ் சைகை காட்டினார், செடிக்கு நோய் என்று சொல்லச் சொல்லி. பாரெண்டுக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை. அடுப்பு, முக்காலி, துண்டு, தேநீர், முடிச்சுருட்டி என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

"சாயந்திரமானா உன் கம்பளிய எடுத்துப் போர்த்தி விட்டேன். குளிருமேன்னு. நடு ராத்திரியில எந்திரிச்சு விலகியிருக்கான்னும் பாத்தேன்."

மக்ரீத்தாவின் முகம் மாறியது. ஊரே கோப்பைக்காகச் சண்டை வரும் என்று காத்திருந்தது.

"என் கம்பளி," என்றாள். "நடு ராத்திரியில எந்திரிச்சு."

"ஆமா."

"முப்பத்தொரு வருஷமா கதவுப் பக்கம் நான்தான் படுக்கிறேன். கதவுக்கடியில காத்து எப்படி வரும்னு தெரியுமா உனக்கு? காலுக்கு ரெண்டு சாக்ஸ் போட்டுப் படுக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்குக் குளிருதான்னு என்னைக் கேட்டிருக்கியா? ஒரு வெங்காயத்தைக் கேட்டிருக்க!"

கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தத்தம் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் அத்தனை பேரும் தத்தம் ஷூவைப் பார்த்தார்கள். போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

"அது வெங்காயம் இல்ல," என்றார் பாரெண்ட். "நீ போனதும் வீட்ல உன்னோடதுன்னு மூச்சு விட்டுக்கிட்டு இருந்தது அது ஒண்ணுதான். அதுவும் போயிடுச்சுன்னா நான் என்ன செய்யிறது? எனக்கு அங்க இருக்க முடியல, மக்ரீத்தா. நீ இல்லாம இருக்கவே முடியல."

எராஸ்மஸ் மேடம் தொண்டையைச் செருமி, சிகை அலங்காரத்துக்கு இந்தக் கண்காட்சியில் பரிசு இல்லை என்று அறிவித்துவிட்டு, கோப்பையை தீனா பியூக்கஸிடம் கொடுத்தார். தீனா அதை வாங்கிக்கொண்டாள். ஆனால் யாரும் கைதட்டவில்லை, அவள் புருஷனும்கூட. எல்லோரும் மக்ரீத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பாரெண்டுக்குப் புரியவில்லை. எதையாவது சரி செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். நின்றபடி கேட்டார்:

"மக்ரீத்தா... குளிருதா?"

"இப்பக் குளிரல," என்றாள் அவள், பெட்டியை அவர் கையில் கொடுத்துக்கொண்டே. "ஆனா கேட்டுக்கிட்டே இரு."