பசுமை இல்லத்தின் ‘ப’

“ப எங்கம்மா போச்சு?”

“என்னைக் கேட்டா? உங்க சுவரு, உங்க எழுத்து.”

“போன வாரம் இருந்துச்சே. இப்ப போறவன் வர்றவனெல்லாம் ‘சுமை இல்லம்’னு படிச்சுட்டுச் சிரிக்கிறான். நீதான் கரியைப் பூசியிருக்கே.”

“நான் கரியைப் போக்குறவ சார். பூசறவ இல்ல.”

கத்தியவர், எங்கள் தெருவில் புதிதாக முளைத்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மேனேஜர். பதில் சொன்னது, பக்கத்து முற்றத்தில் துணி வெளுக்கும் சலவைக்கார அக்கா. நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. வாசல் பெருக்கத்தான் போனேன். அன்று கொஞ்சம் அதிகமாகவே பெருக்கினேன்.

விஷயம் இதுதான். பச்சைச் சுவரில் ஆளுயர வெள்ளை எழுத்தில் ‘பசுமை இல்லம்’ என்று எழுதினார்கள். கையோடு ஜெனரேட்டர் புகைக்குழாயை அக்காவின் துணிக்கொடிப் பக்கம் திருப்பி வைத்தார்கள். காயப்போட்ட வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பல் நிறமாகிவிட, வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அக்கா முறையிட்டபோதெல்லாம் மேனேஜரிடம் ஒரே பதில்: “எங்க ஜெனரேட்டர்ல புகையே வராதும்மா.” பிழைப்புப் போய் அவளாகவே காலி செய்தால் முற்றத்தில் கார் நிறுத்தலாம் என்று டீக்கடையில் அவர் சொன்னது என் காதில் தானாக வந்து விழுந்தது.

காற்று மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவ்வப்போது திரும்பி வீசி, குழாய்க்குப் பக்கத்திலிருந்த முதல் எழுத்தைக் கரியால் மூடிவிட்டது.

பெயிண்டர் வந்து ‘ப’வை எழுதுவார்; சில நாளில் மறுபடியும் சுமை. அவர் முகம் சுளித்ததே இல்லை. ஏணியில் நின்றால் அக்காவின் தங்கை துணி பிழிவது நன்றாகத் தெரியும்.

வீடு வாங்குகிறவர்கள் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை, தெருப் பெண்கள் ஆளுக்கொரு வெள்ளைத் துணியைக் கொண்டுபோய் அக்காவின் கொடியில் போட்டோம். நான் கொடுத்தது தலையணை உறை, பழையதுதான்.

“கரண்ட் போனாலும் இங்க லிஃப்ட் நிக்காது” என்று காட்டுவதற்காக மேனேஜரே ஜெனரேட்டரைப் போட்டார். எல்லோர் கண்ணெதிரிலும் கொடி முழுக்கக் கறுத்தது.

“இது என்ன சார், சுமை இல்லமா?” என்றார் வந்திருந்த ஓர் அம்மாள்.

“அது இந்தப் பொம்பளை கரி பூசினது மேடம்.”

அக்கா கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவி நீட்டினாள். “அப்ப இதுவும் நான் பூசினதுதானா? உங்க சட்டைதான் சார். நேத்து வெளுக்கக் குடுத்தீங்க.”

மேனேஜர் சட்டையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அப்புறம் தன் செருப்பைப் பார்த்தார்.

“முதல்ல இந்தப் புகைக்கு ஒரு வழி பண்ணுங்க, அப்புறம் வீட்டைப் பாக்கறோம்” என்று வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். அந்த வாரமே குழாய் மொட்டை மாடிக்கும் மேலே ஏறியது. அக்காவின் கொடி வெளுத்தது. பழைய வாடிக்கையோடு அடுக்குமாடித் துணியும் சேர்ந்து வந்தது.

‘ப’ எழுதும் வேலை போன பெயிண்டர், தங்கையைக் கட்டிக்கொண்டு அந்த முற்றத்துக்கே குடிவந்துவிட்டார். மேனேஜர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்றும் தன் சட்டைகளை அக்காவிடமே வெளுத்து வாங்கிக்கொண்டுதான் போனார்.