நான்காவது சதுரத்தின் வழுக்கை

1

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது நாலே வரி. அதுவும் ஒட்டுக்கேட்டது. படகுத்துறையில் எனக்குப் பின்னால் ஒரு ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டு போனார்கள்.

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே, அத்தான்."

"நீ வாயை மூடிக்கிட்டா போதும்."

"பன்னண்டு வருஷமா தண்ணிக்குள்ள மூடிக்கிட்டுதான இருந்தேன்!"

திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். முகம் தெரியாது. குரல் கிடைத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

2

முதல் தொடக்கம்: "கடலடியில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல—"

அடித்துவிட்டேன். கம்பளத்துக்கு வேர் ஏது?

(கடற்புல் பாசி இல்லை. தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கிற நிஜமான புல். வேரால் மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு, இலைகளுக்கிடையே மீன்குஞ்சுகளை வளர்த்து அனுப்புகிறது. இத்தனையையும் ஒரு வார்த்தை பேசாமல் செய்கிறது. வசனம் எழுதுகிற எனக்கு அதன்மேல் இருக்கிற ஒரே குறை அதுதான்.)

இரண்டாவது தொடக்கம், சுற்றி வளைக்காமல்: அவள் கடற்புல்லை அளப்பவள். பிளாஸ்டிக் குழாயில் செய்த அரை மீட்டர் சதுரத்தைக் கடலடியில் வைத்து, அதற்குள் நூற்றுக்கு எத்தனை பங்கு புல் என்று கண்ணால் மதிப்பிட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்வாள். விரிகுடாவில் நான்கு இடங்கள், மாதம் ஒரு தடவை, பன்னிரண்டு வருஷம். ஊரில் அவளுக்குப் பட்டப்பெயரே 'சதுரம்'. படகு ஓட்டுபவர் அவள் அக்கா புருஷன்.

3

மூன்று இடங்களில் புல் ஏறத்தாழ அப்படியே இருந்தது. நான்காவது இடத்தில் மட்டும் ஏழு வருஷத்தில் எழுபதிலிருந்து பதினைந்துக்கு இறங்கிவிட்டது. அடுத்த மாதம் விரிகுடாவுக்கு நாற்பது உல்லாசப் படகுகள் வரவிருந்தன. நலிந்த புல் நங்கூரங்களைத் தாங்காது, நங்கூரத்தைத் தடை செய்து படகு கட்ட மிதவைகள் போடுங்கள் என்று அவள் மனு கொடுத்திருந்தாள். கையிலிருந்த ஒரே ஆதாரம் அந்தச் சரிவு. மனுவை முடிவு செய்யும் குழு வியாழக்கிழமை கூடுகிறது.

செவ்வாய்க்கிழமை கடைசி அளவு. தண்ணீர் அன்று கண்ணாடி. எப்போதும் சதுரத்துக்குள்ளேயே பார்க்கிறவள், தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். வட்டமாக ஒரு வழுக்கை. வட்டத்தின் நடுவில் அவர்கள் படகின் நங்கூரம். அதன் சங்கிலி இப்படியும் அப்படியும் புரண்டு மணலைச் சிரைத்துக்கொண்டிருந்தது.

அவள் மனத்தில் ஓர் அலை எழுந்து—

இல்லை. மேலே வந்தாள். வாயில் கவ்வியிருந்த மூச்சுவிடும் குழாயைப் பிடுங்கிவிட்டுக் கேட்டாள்:

"அத்தான், எப்பவும் இங்கயேதான் நங்கூரம் போடுவீங்களா?"

"பின்ன? மத்த மூணு எடத்துல பாறை இருக்கு, கயிறு கட்டிக்கலாம். இங்க ஏது? சதுரத்துப் பக்கத்துலயே போடுங்க, அவ்வளவு தூரம் நீந்த முடியலன்னு நீதான சொன்ன."

"எப்போ?"

"ஏழு வருஷம் இருக்கும்."

"அளக்க வந்த நாமளே புடுங்கியிருக்கோம், அத்தான்."

"மெதுவா பேசு. மீனுக்குக் கேட்டுடப் போகுது."

4

அத்தானைக் கெட்டவராக்கப் பார்த்தேன். மசியவில்லை.

"இந்தப் புல்லுக்காக உன் நிச்சயதார்த்தத்துக்கே ஈரத் தலையோட வந்தவ நீ. வாயைத் திறந்தா மனு போச்சு. நாப்பது நங்கூரம் விழும். திறக்கலன்னா புல்லு பொழைக்கும். எது பெருசு, சொல்லு கொழுந்தியா."

நியாயமான கேள்விதான்.

5

முடிவு ஒன்று: மறைத்துவிடுகிறாள், தடை வருகிறது. எழுதியும் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, கதை அங்கேயே படுத்துவிட்டது.

முடிவு இரண்டு: மற்ற மூன்று இடங்களிலும் புல் குறைந்துவிட்டதாக நானே ஒரு வரி சேர்த்துவிடலாம், அவள் தப்பித்துவிடுவாள். கதைக்காகக்கூட அந்தப் புல்லைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவதை, வியாழக்கிழமை குழுவின் முன்னால் நின்று, அவளே பேசினாள்.

"நாலாவது எடத்துக் கணக்கைத் தள்ளிடுங்க. அது எங்க நங்கூரம் பண்ணின வேலை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ புல்லு குறையவே இல்லைன்னு ஆகுதேம்மா?"

"ஆமா. இன்னும் குறையல."

"பின்ன தடை எதுக்கு?"

"ஒரே படகு. மாசத்துல ஒரு மணி நேரம். அதுக்கே இந்த வழுக்கை. நாப்பது படகுக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "நங்கூரம் போட்டது நான்தாங்க" என்று அத்தான் எழுந்தார்.

"போடச் சொன்னது நான். நீங்க உட்காருங்க."

"குடும்பச் சண்டையை வீட்ல வச்சுக்குங்க" என்றார் தலைவர். ஆனால் சிரிக்கவில்லை.

6

குழுவில் ஏழு பேர். தடை வேண்டும் என்று மூன்று கை, வேண்டாம் என்று மூன்று கை.

ஏழாவது கையை நான் தூக்கிவிடலாம், பேனா என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் தன் தப்பைத் தானே மேசைமேல் எடுத்துவைத்த ஒருத்திக்கு நான் வெற்றியை எழுதிக் கொடுத்தால், அவள் பரிசுக்காகப் பேசினாள் என்றாகிவிடும். தோல்வியை எழுதவோ எனக்கு மனசில்லை.

ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள். அவசரமில்லை, யோசியுங்கள். அவள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.