பழுப்புத் தாளில் இரண்டு சொட்டு

“செகண்டரி த்ரீயோட படிப்பை நிறுத்தினவ, கெமிக்கல் ஸ்டோரைப் பார்த்துக்குவியா லா?”

வேலையில் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் பிரபாகர் கேட்டார். நான் ஸ்டோரில் இருந்த திரவங்களைத் தாளில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, எது எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சிங்கப்பூர் துவாஸில் எங்கள் பட்டறை இரும்புக் கதவுகள் செய்கிறது. சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றுக்குப் போகவேண்டிய கதவில், செவ்வாய்க்கிழமை அடித்த இரண்டாவது பூச்சு தோல் மாதிரிச் சுருங்கி, அடிப்பூச்சையும் தூக்கிவிட்டது.

“எனாமல்ல வொயிட் ஸ்பிரிட் கலக்கச் சொன்னா, தின்னரை ஊத்தியிருக்கான். ஒர்க் பெர்மிட் கேன்சல். ஊருக்குப் போ!” பெயிண்டர் சேதுபதியின் பெர்மிட் அட்டையை பிரபாகர் ஏற்கெனவே வாங்கிக் கையில் வைத்திருந்தார்.

“டின்னுல வொயிட் ஸ்பிரிட்னுதானே சார் போட்டிருக்கு?” என்றார் சேதுபதி அண்ணன்.

“மோந்து பார்க்க மாட்டியா? மூக்கை ஊர்லயே வெச்சுட்டு வந்துட்டியா?”

“பத்து வருஷமா பெயிண்ட் அடிக்கிறேன். மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு சார்.”

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“ஒரு ரெண்டு நிமிஷம் சார்,” என்றேன். பழுப்புத் தாளை மேசையில் விரித்தேன். இடப்பக்கம், சீல் உடைக்காத புது வொயிட் ஸ்பிரிட் டின்னைத் திறந்து ஒரு சொட்டு. வலப்பக்கம், அண்ணன் ஊற்றிய அந்த டின்னிலிருந்து ஒரு சொட்டு.

“வொயிட் ஸ்பிரிட் நிதானமாத்தான் காயும். தின்னர் சட்டுனு பறந்துடும், முழுசாக் காயாத அடிப்பூச்சையும் கரைச்சிடும்.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வலப்பக்கச் சொட்டு சுவடில்லாமல் மறைந்தது. இடப்பக்கம் ஈரம் அப்படியே இருந்தது.

“அதைத்தானே நானும் சொல்றேன்! இவன்தான் மாத்தி ஊத்தியிருக்கான்.”

“இல்ல சார். சனிக்கிழமை எனக்கு லீவு, ஸ்டோர் சாவி உங்ககிட்ட இருந்துச்சு. மிச்சம் இருந்த தின்னரை வீணாக்காம ஒரு காலி டின்ல ஊத்தி வெச்சேன்னு திங்கட்கிழமை நீங்கதான் சொன்னீங்க. எந்த டின்னுன்னு சொல்லல, டின் மேல பேரையும் மாத்தல.” அந்த டின்னை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “எடுத்துக் கொடுத்தது நான். பேரைப் படிச்சேன், ஒரு சொட்டு விட்டுப் பார்க்கல. அது என் தப்பு. அண்ணன் மேல தப்பே இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை.

பிரபாகர் தாளைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். பெர்மிட் அட்டையை ஈரச் சொட்டு படாமல், அண்ணன் பக்கமாக மேசை ஓரத்தில் வைத்தார். பிறகு வெளியே போனார்.